மாவு புளிக்கவே இல்லை!

சாயங்காலம் ஆறு மணி ஆனா எங்க வீட்டுல எனக்கு ஒரு டியூட்டி இருந்தது. கையில தூக்குச் சட்டியோட மாவு வாங்கப் போறது!

சிரிக்காதீங்க பாஸ். காலேஜ் ஃபைனல் இயர் பையன் தூக்குச் சட்டியை ஆட்டிக்கிட்டு ரோட்டுல நடந்தா கெத்து என்னாகும்னு எனக்கும் தெரியும். ஆனா, அந்த மாவுல ஊத்தின தோசைக்கு முன்னாடி கெத்தாவது ஒண்ணாவது! ஓரம் முறுகலா, நடுவுல பஞ்சு மாதிரி... விடுங்க, எழுதும்போதே பசிக்குது.

எங்க ஏரியா சேலையூர். கிழக்கு தாம்பரத்துல இருந்து வேளச்சேரி ரோட்டுல வந்தா கேம்ப் ரோடு சிக்னல். அங்கே அகரம்தென் ரோட்டுல திரும்பி, ரெண்டு மூணு சந்து தாண்டினா எங்க ஃப்ளாட். பதினாறு வீடு. அங்கிருந்து பொடிநடையா ஏழு நிமிஷத்துல மாவக்கா வீடு. அவங்க நிஜப் பேரு ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. ஃப்ளாட்ல எல்லாருக்குமே அவங்க மாவக்காதான்.

மகளிர் குழுவில் கடன் வாங்கி ஒரு டில்டிங் கிரைண்டர் போட்டிருந்தார். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு கை வெந்தயம். விடியற்காலையில் அரைத்து வைத்தால், நம்ம சென்னை வெயிலுக்குச் சாயங்காலம் சரியாகப் பொங்கி நிற்கும். சோடா உப்பு கிடையாது. எங்க ஃப்ளாட்டின் பதினாறு வீட்டில் பதினோரு வீடு அவரிடம்தான் மாவு வாங்கியது. ஒரு கிலோவுக்கு அவருக்கு மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு ரூபாய். பையன் ப்ளஸ் டூ. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ. எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது.

அப்புறம் ஒரு வளைகாப்பு வந்தது.

செகண்ட் ஃப்ளோர் ஆன்ட்டியின் பொண்ணுக்கு வளைகாப்பு. பத்து கிலோ மாவு ஆர்டர் சொல்லலாம்னு ஆன்ட்டி நேரில் போயிருக்காங்க. "வாசல்லயே நிக்கிறீங்களே, உள்ள வாங்கம்மா"ன்னு மாவக்கா கூப்பிட்டு உட்கார வைத்து, மோர் கொடுத்திருக்காங்க. உள்ளே சுவரில் ஒரு படம். நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம். அம்பேத்கர்.

அவ்வளவுதான். மறுநாள் அந்த ஆர்டர் கேன்சல். "சொந்தக்காரங்க வேற இடத்துல சொல்லிட்டாங்களாம்." ரெண்டு நாள் கழித்து ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ்: 'அந்த மாவு இப்பல்லாம் கொஞ்சம் புளிக்குது இல்ல?' கீழே வரிசையாகக் கட்டைவிரல். 'ஆமா, தண்ணியும் எப்படியோ...'ன்னு இன்னொருத்தர். யாரும் சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசலை. பேச வேண்டிய அவசியமே வரலை! பதினோரு வீடு ரெண்டே வாரத்தில் மூணு வீடாகக் குறைந்தது.

அந்தக் கட்டைவிரல்களில் ஒன்று எங்க அம்மாவுடையது.

"இனிமே மாவுக்குப் போக வேணாம்பா. நம்ம முக்குக் கடையிலயே பாக்கெட் மாவு வருது" என்றார் அம்மா. எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? 'அப்பாடா, தூக்குச் சட்டி டியூட்டி காலி'ன்னு சந்தோஷப்பட்டேன். இந்தக் கட்டுரையில் நான் ஹீரோ இல்லைங்கிறதை இப்பவே சொல்லிடறேன்.

மூணு வாரம் கழித்து, நண்பன் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சந்து வழியாகப் போக வேண்டியதாச்சு. மாவக்கா வாசலில் நின்றிருந்தார். தப்பிக்க வழியில்லை.

"என்னப்பா, ஆளையே காணோம்? மாவு சரியில்லையா? இருந்தா சொல்லுப்பா. உளுந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். அப்பவும் யாரும் வரலை. ஊற வைக்கிற நேரத்தைக் குறைச்சேன். கேன் தண்ணி வாங்கி அரைக்கிறேன் இப்ப. என்ன தப்புன்னு தெரிஞ்சா மாத்திக்குவேன்ல?"

"சேச்சே... நல்லாத்தான்க்கா இருக்கு. எங்க வீட்டுல இப்ப ராத்திரிக்குச் சப்பாத்தி..."

பொய். பச்சைப் பொய். தப்பே இல்லாத மாவில் ஒருத்தர் மூணு வாரமாகத் தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். உளுந்து விலை தெரியும்ல? அதைக் கூட்டிப் போட்டு, கேன் தண்ணிக்குக் காசு கொடுத்து... ஒரு பொருள் விக்கலைன்னா விக்கிறவங்களுக்குக் கிடைக்கிற ஒரே லாபம், 'ஏன் விக்கலை'ங்கிற பாடம்தான். நாங்க அந்தப் பாடத்தையும் பொய்யாக்கிக் கொடுத்துட்டோம். வாங்காமல் விட்டது ஒரு பாவம்னா, 'புளிக்குது'ன்னு சொன்னது ரெண்டாவது பாவம்!

ஸ்கூலில் படிக்கும்போது, 2018-ல், அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்மணியைச் சமைக்கவிடாமல் தடுத்த செய்தி வந்தது. அவரை இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த உத்தரவு ரத்தாகி, தடுத்தவர்கள் மேல் வழக்கும் பதிவானது. 'இந்தக் காலத்துலயுமா இப்படி!'ன்னு அன்று நான் கொதித்தேன். அங்கே கூட்டமாக வந்து தடுத்தார்கள். எங்க ஃப்ளாட்டில் கட்டைவிரலை மட்டும் காட்டினோம். ரிசல்ட் என்னவோ ஒண்ணுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வரலை. மொபைலை எடுத்து, அந்த மாசம் பணம் அனுப்பின லிஸ்ட்டை முழுசாக ஓட்டிப் பார்த்தேன். டீ, பன் பட்டர் ஜாம், ஜெராக்ஸ், பெட்ரோல், ரீசார்ஜ், பிரியாணி, ஒரு டி-ஷர்ட்... மொத்தம் 5,840 ரூபாய். இந்தப் பணமெல்லாம் யார் கைக்குப் போச்சு?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பட்டியல் இனத்தவர் 20.01 சதவீதம். அதாவது, அஞ்சுக்கு ஒருத்தர். என்னோட நூறு ரூபாயில் இருபது ரூபாய் அவங்க கடைக்குப் போயிருக்குமா? யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சு போனது ரெண்டே ரெண்டு செலவு. ஸ்டேஷன் பக்கத்தில் செருப்பு தைத்ததுக்கு 30 ரூபாய். காலேஜ் கல்ச்சுரல்ஸில் பறை அடிக்க வந்த குழுவுக்கு என் பங்கு 100 ரூபாய்.

செருப்பும் பறையும். நாம காலங்காலமா யாருக்கு எதை ஒதுக்கி வெச்சோமோ, அதுக்கு மட்டும் காசு கொடுக்கிறோம். தோசை மாவுன்னா மட்டும் புளிக்குது!

மறுநாள் கேம்ப் ரோட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தேன். வழியெல்லாம் கடை போர்டுகளைப் படிச்சுக்கிட்டே போனேன். ஐயங்கார் பேக்கரி. செட்டிநாடு மெஸ். நாடார் ஸ்டோர். ஐயர் காபி. ரெட்டியார் ஓட்டல்... இதெல்லாம் நம்ம ஊரில் எங்கே போனாலும் பார்க்கிற பேருங்கதான். தாம்பரத்தில் லோக்கல் ட்ரெயின் ஏறினால் இந்தப் பக்கம் வரும் செங்கல்பட்டில்தான், 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது. பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் போடுறதை விட்டுடணும்னு முடிவெடுத்த மாநாடு அது. மனுஷங்க பேருக்குப் பின்னாடி இருந்து கழன்ற பட்டம், நேராகப் போய் கடை போர்டில் உட்கார்ந்துக்கிச்சு. ஏன்னா, அங்கே அது விளம்பரம். 'இது சுத்தம், இது ருசி, இது நம்பிக்கை'ன்னு சொல்லாமலே சொல்லுது.

போர்டில் பேர் போட்டவங்களைக் குறை சொல்லலை. என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். மாவக்கா தன்னோட பேரை அப்படி ஒரு போர்டில் போட முடியுமா? போட்டா என்ன ஆகும்?

போட்டவங்க இருக்காங்க. நம்ம செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தப் பேரைச் சொல்லி ஒதுக்கினாங்களோ, அதையே தலைப்பாக வைத்தார்: 'பறையன்'. காசு கொடுத்து வாங்குறவங்க இருந்தால்தானே பத்திரிகை ஓடும்? 1900 வரைக்கும் ஓடிச்சு. இந்தக் காலத்திலும் ஒருத்தர் துணிந்தார். சந்திரபான் பிரசாத் என்கிற எழுத்தாளர் 2016-ல் டெல்லியில் மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், மாங்காய் ஊறுகாய் எல்லாம் விக்க ஆரம்பித்து, அதுக்கு வெச்ச பேரு 'தலித் ஃபுட்ஸ்'. பேரைப் பார்த்துட்டு வாங்குறியா, இல்லையான்னு நேராகக் கேட்ட மாதிரி!

இதை நண்பனிடம் சொன்னேன். பள்ளியிலிருந்தே ஒண்ணாப் படிக்கிறவன். அவனும் மாவக்கா தெருக்காரன்தான். "மச்சி, அமெரிக்காவில் 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்டை போலீஸ் கொன்னப்போ, கறுப்பின மக்கள் நடத்துற கடையாத் தேடிப் போய் வாங்கினாங்கடா. கூகுள் மேப்லயே 'இது கறுப்பினத்தவர் கடை'ன்னு அடையாளம் வெச்சுக்கிற வசதி அந்த வருஷம் ஜூலையில வந்துச்சு. நம்ம ஊர்லயும் அப்படி ஒண்ணு வந்தா?"

அவன் டீயைக் குடிச்சு முடிச்சுட்டுப் பொறுமையாகச் சொன்னான். "வரட்டும். அதைப் பார்த்துட்டு எங்க கடையைத் தேடி வர்றவன் எத்தனை பேரு? பார்த்துட்டு எதிர்க்கடைக்குப் போறவன் எத்தனை பேரு? அங்க தோலைப் பார்த்தாத் தெரிஞ்சுடும்டா, மறைக்க முடியாது. அதனால தைரியமா போர்டு வைக்கிறாங்க. இங்க எங்க அத்தை பத்து வருஷமா டிபன் கடை நடத்துது. ஊர் எதுன்னு கேட்டா, மாவட்டத்தைச் சொல்லும். தெருப் பேரைச் சொல்லாது. உனக்கு லிஸ்ட் வேணும்னா, நாங்க வெளிய வரணும். நாங்க வெளிய வந்தா, கடை காலி."

எனக்குப் பதில் வரலை. அவனே தொடர்ந்தான். "நீ தேடியெல்லாம் வர வேணாம்டா. தெரிஞ்ச அன்னிக்கு நிறுத்தாம இரு. அது போதும்."

அந்த ஒரு வரிதான் பாஸ், இந்தக் கட்டுரையை எழுத வெச்சது.

'இதுக்கெல்லாம் சட்டம் இருக்கே'ன்னு நீங்க கேட்கலாம். இருக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்தது. பட்டியல் இனத்தவர் மீது சமூகப் புறக்கணிப்போ, பொருளாதாரப் புறக்கணிப்போ விதிப்பது குற்றம்னு அதில் தெளிவாக இருக்கு. ஆனா, ஒரு கட்டைவிரலை எந்த ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்கிறது? 'எட்டு வீட்டில் இட்லி ஊத்தலை'ன்னு எஃப்.ஐ.ஆர். போடுவாங்களா?

அரசாங்கம் தன்னோட பர்ஸுக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கு. 2012-ல் வந்த கொள்முதல் கொள்கைப்படி, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோரிடம் வாங்கணும்னு இலக்கு. தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். 2005-ல் புனேயில் தலித் தொழில்முனைவோர் ஒண்ணா சேர்ந்து தங்களுக்குன்னு ஒரு வர்த்தக சபையே தொடங்கினாங்க. எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா கடன் கொடுத்து கிரைண்டர் வாங்கித் தரலாம், அரைச்ச மாவை வாங்குறதுக்கு ஆள் வேணுமே? அதுக்கு மானியம் எந்த பட்ஜெட்டிலும் கிடையாது. அது உங்க பர்ஸ்லயும் என் பர்ஸ்லயும்தான் இருக்கு.

இப்போ எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். சாதியைச் சொல்லிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனா இந்த இடத்தில் சொல்லாமல் விட்டால் கதை முழுசாகாது. எங்க தாத்தா விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து, தாம்பரத்தில் மளிகைக் கடை போட்டவர். சென்னையில் 'அண்ணாச்சி கடை'ன்னு ஒண்ணு ஒவ்வொரு தெருவிலும் இருக்கே, அதில் ஒண்ணு. அந்த அண்ணாச்சிகளின் தாத்தா, பாட்டன்களைக் கோயிலுக்குள் விடாத காலம் ஒண்ணு இருந்தது. கோயில் நுழைவுச் சண்டை முற்றி 1899-ல் சிவகாசியில் ஊரே பற்றி எரிந்தது. கமுதி கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், அங்கேயும் 1908-ல் தோற்றார்கள்.

எப்படி எழுந்தாங்க? ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சின்னப் பங்கை 'மகமை'ன்னு பொதுவில் எடுத்து வெச்சாங்க. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வெச்சுப் பள்ளிக்கூடம் நடத்தினாங்க. காமராஜர் அந்தப் பள்ளியில் படிச்சவர்தான். 1921-ல் தூத்துக்குடியில் 'நாடார் வங்கி' தொடங்கினாங்க. அது 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கின்னு பேர் மாறி, இன்னிக்கும் இருக்கு. தனக்குள்ளேயே வாங்கி, தனக்குள்ளேயே சேர்த்து முன்னேறின கதை இது. ஆனா கதையில் இன்னொரு பாதி இருக்கு. வெளியில் இருக்கிறவங்களும் அந்தக் கடைகளில் வாங்கினாங்க! எல்லாச் சாதிக்காரங்களும் அண்ணாச்சி கடையில் உப்பும் புளியும் வாங்கினதாலதான் தாத்தா கடை நின்னுது. நான் காலேஜில் நிற்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாங்க.

"அதெல்லாம் எனக்கும் தெரியும்டா. உங்க தாத்தா சொல்லாத கதையா?"

"அப்புறம் ஏம்மா கட்டைவிரல் போட்டே?"

"எனக்கென்னடா வந்தது? அந்தப் பொண்ணு மாவு நல்ல மாவு. நாலு பேரு ஒண்ணு சொல்லும்போது நான் மட்டும் தனியா வாங்கினா, நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துல கை நனைப்பாங்களா? உனக்கு அதெல்லாம் தெரியாது."

"1939-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள வைத்தியநாதய்யர் கூட்டிட்டுப் போன ஆளுங்கள்ல தலித்துங்களோட ஒரு நாடாரும் இருந்தாரும்மா. ஒரே நாள், ஒரே வாசல். கூட நுழைஞ்சவங்களை நாம இப்ப வாசல்லயே நிறுத்தி வைக்கிறோம்."

அம்மா பதில் சொல்லலை. நான் விடலை. "சரி, முட்டி வலிக்கு சானடோரியம் சித்தா ஆஸ்பத்திரியில தைலம் வாங்குறியே, அந்த ஆஸ்பத்திரிக்கு யார் பேரு?"

"அயோத்திதாசர்."

"யாரும்மா அவரு?"

"யாரோ பண்டிதரு, வைத்தியரு."

பண்டிதர்தான், வைத்தியர்தான். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையை ஆரம்பித்து, 1914-ல் இறக்கும் வரை நடத்தியவர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, சித்த வைத்தியம் பார்த்து, சாதியே பொய்ன்னு எழுதித் தள்ளினவர். 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பேரைத்தான் வெச்சிருக்காங்க. சொன்னேன். அம்மா வெங்காயத்தைக் கீழே வெச்சுட்டு முந்தானையால் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. வெங்காயக் கண்ணீரா, வேற எதுவுமான்னு நான் கேட்கலை. சினிமா மாதிரி உடனே எழுந்து மாவு வாங்கக் கிளம்பவும் இல்லை. "அரிசி களையணும், அந்தப் பாத்திரத்தை எடு"ன்னாங்க. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நானே தூக்குச் சட்டியை எடுத்தேன். என் பாக்கெட் மணி. ஏழு நிமிஷ நடை அன்னிக்கு எழுபது நிமிஷம் மாதிரி இருந்தது.

"ஒரு கிலோ குடுங்கக்கா. அப்புறம்... அன்னிக்கு நான் சொன்னது பொய். மாவுல ஒரு தப்பும் இல்லை. பழைய அளவுலயே போடுங்க. கேன் தண்ணியெல்லாம் வேணாம்."

மாவக்கா அளந்து ஊத்திக்கிட்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "தெரியும்பா. வளைகாப்பு ஆர்டர் நின்ன அன்னிக்கே தெரியும். அவங்க என் படத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன்ல? தெரிஞ்சும் மாவைத்தான் மாத்திப் பார்த்தேன். என்னால மாத்த முடிஞ்சது அது ஒண்ணுதானே?"

எத்தனையோ லெக்சர் கேட்டிருக்கேன். இப்படி ஒரு வரி எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. "படத்தைக் கழட்டிடலாம்னு தோணலையாக்கா?"ன்னு முட்டாள்தனமாகக் கேட்டு வெச்சேன். அவர் சிரித்தார். "அவர் இருக்கிறதாலதான்பா கிரைண்டரே இருக்கு" என்றார்.

அன்று ராத்திரி ஃப்ளாட் குரூப்பில் நாலு வரி போட்டேன். 'மாவு புளிக்கலை. நான் சாப்பிட்டுப் பார்த்தேன். புளிக்குதுன்னு நினைக்கிறவங்க அவங்ககிட்டயே நேராச் சொல்லலாம். நாளையிலேர்ந்து நான் வாங்கப் போறேன், வேணும்கிறவங்க சொல்லுங்க, சேர்த்து வாங்கிட்டு வர்றேன்.' ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கிரவுண்ட் ஃப்ளோர் தாத்தா ஒருத்தர், 'எனக்கு அரை கிலோ'ன்னு போட்டார். அவ்வளவுதான். புரட்சியெல்லாம் ஒண்ணும் வெடிக்கலை. மூணு வீடு இப்போ ஆறு வீடாகியிருக்கு. செகண்ட் ஃப்ளோர் ஆன்ட்டி லிஃப்டில் என்னைப் பார்த்தால் மொபைலைப் பார்க்கிறாங்க.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். நான் யாருக்கும் உதவி செய்யலை. காசு கொடுத்தேன், நல்ல மாவு கிடைத்தது. தர்மம் பண்ணினதா நினைச்சா, அதுவும் ஒரு மாதிரி ஒதுக்கி வைக்கிறதுதான். ஒரு நாள் மாவு நிஜமாவே புளிச்சா, 'அக்கா, இன்னிக்குப் புளிச்சிருச்சு'ன்னு முகத்துக்கு நேராகச் சொல்லுவேன். அந்தக் குறையைச் சொல்ற உரிமை வாங்குறவனுக்கு உண்டு. கேட்டுத் திருத்திக்கிற உரிமை விக்கிறவங்களுக்கும் உண்டு. முதுகுக்குப் பின்னாடி கட்டைவிரல் காட்டுற உரிமைதான் யாருக்கும் இல்லை.

அதே மாதிரி, தயவுசெஞ்சு நாளைக்குக் கிளம்பிப் போய் ஒவ்வொரு கடையிலும், "நீங்க எந்த ஆளுங்க?"ன்னு கேட்டுடாதீங்க. ஆதரிக்கிறதுக்காகக் கேட்டாலும் அந்தக் கேள்வியோட ரணம் அதேதான். உங்க செலவு லிஸ்ட்டை மட்டும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. எந்தக் கடையிலிருந்து திடீர்னு விலகினோம், ஏன் விலகினோம், அந்தக் காரணம் நிஜமா, இல்லை யாரோ சொல்லி நாம தலையாட்டினதா... அதைத் தேடுங்க. உங்க வீட்டுப் பக்கமும் ஒரு டிபன் கடை, ஒரு ஊறுகாய்க்காரம்மா, ஒரு டியூஷன் மிஸ் இருப்பாங்க. தெரிஞ்ச அன்னிக்கு நிறுத்தாம இருங்க. யாராவது 'புளிக்குது'ன்னு சொன்னா, "அப்படியா? நான் சாப்பிட்டேனே, நல்லாருந்துதே"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.

அம்மா? இன்னும் அந்தச் சந்துக்குப் போகலை. ஆனா போன வியாழக்கிழமை பரீட்சைக்குப் படிக்கிற மும்முரத்தில் நான் மணியைப் பார்க்கலை. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏண்டா, மணி ஆறு ஆச்சு. தூக்குச் சட்டியைக் கழுவி வெச்சிருக்கேன், கண்ணு தெரியலையா?"